சுவரில் தட்டும் வரை

மோட்டாரை அணைத்த பிறகுதான் மாமியார் கத்திக்கொண்டிருப்பதே அவனுக்குக் கேட்டது.

"தூக்குங்க மாப்பிள்ளை! அவரைத் தூக்குங்க!"

மாமனார் லேத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தார், கீழே விழுந்த ஆணியைத் தேடக் குனிந்தவர் மாதிரி. வலது கை இல்லை என்று முதலில் நினைத்தான். கை இருந்தது. ஸ்வெட்டரின் முழுக்கை, கடைந்துகொண்டிருந்த மரத்தில் நூல்கண்டு போல இறுகச் சுற்றியிருந்தது. கை அதற்குள் இருந்தது. முகம் இரும்புச் சட்டத்தோடு ஒட்டியிருந்தது. பெல்ட் கழன்று தரையில் கிடந்தது. அதனால் லேத் நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் எதையும் சுற்றாமல் தன்பாட்டுக்கு ஓடியிருக்கிறது. அதன் மேல் ஓட்டில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

அவன் தோளைப் பிடித்துத் தூக்கினான். வரவில்லை. ஸ்வெட்டர் விடவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல், சுற்றியிருந்த மரத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கினான். ஒரு சுற்று. உள்ளே ஏதோ நறநறவென்றது.

"சுத்தாதீங்க தம்பி! வெட்டுங்க!"

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் ஓடி வந்திருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. சுவரில் மாட்டியிருந்த தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து ஸ்வெட்டரைத் தோளோடு வெட்டினார். கம்பளி சுலபமாக வெட்டுப்படவில்லை. மூன்று முறை வழுக்கியது. பிறகு மாமனார் ஒரேயடியாக அவர்கள் இருவர் மேலும் சாய்ந்தார்.

மரத்தூளின் மேல் படுக்க வைத்தார்கள். அந்தத் தெருவில் மாமனாருக்கு மோட்டார் என்று பெயர். எலக்ட்ரீஷியனுக்கு ஃபியூஸ். ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்ட பெயர்கள்தான், தெரு எடுத்துக்கொண்டது.

"டேய் மோட்டார்," என்றார் ஃபியூஸ். கன்னத்தில் தட்டினார். "டேய், விளையாடாத."

அவன் மாமனாரின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தான். குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி வேலை பார்க்கிறவன். பெட்டியைத் தொட்டால் எத்தனை நேரம் வெளியே இருந்தது என்று சொல்லிவிடுவான். இங்கேயும் கை தானாகக் கணக்குப் போட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒன்றே முக்கால் மணி நேரமும் இருக்கும்.

அந்தக் கணக்கு சரியாக இருந்தது. அவனுக்கு நிமிஷம் உட்படத் தெரியும். ஒன்பது நாற்பத்தேழு. லேத்தின் சுவிட்சை அவன் வந்து அணைத்தபோது அது ஆன் பக்கம் இருந்தது. விரல் பட்ட அந்த நொடியே யார் செய்த வேலை இது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன மாப்பிள்ளை?" என்றார் மாமியார். தோளில் பை இன்னும் மாட்டியிருந்தது. "மூச்சு இருக்கா?"

அவன் கழுத்திலிருந்து கையை எடுத்தான்.

*

அந்த வீட்டில் எப்போதும் கார் இருந்ததில்லை. கார் ஷெட் இருந்தது. வீட்டை வாங்கிய நாளிலிருந்து ஷெட் மாமனாருடையது, வீடு மற்றவர்களுடையது. பழைய வாஷிங் மெஷின் மோட்டாரில் ரம்பம் செய்தார். லாரி வைப்பர் மோட்டாரில் ஜன்னல் திரையை இழுக்க ஒன்று செய்தார். அது திறக்கும், மூடாது. மழைத்துளி பட்டதும் துணியைத் தானாக உள்ளே இழுக்கும் கொடி ஒன்று செய்தார். முதல் மழையில் அது பக்கத்து வீட்டுப் போர்வையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. லேத் மட்டும்தான் ஒழுங்காக அமைந்தது. தண்ணீர் பம்பிலிருந்து கழற்றிய இரண்டு குதிரைத்திறன் மோட்டார், கட்டில் சட்டத்தை அறுத்து வெல்டிங் வைத்த உடம்பு. அதில் கடைந்த நாற்காலிக் கால்களைப் பார்த்துக் கடைக்காரர்களே விசாரித்திருக்கிறார்கள்.

எல்லாம் செய்தவர் ஷெட்டுக்குத் தனியாக ஒரு லைன் மட்டும் இழுக்கவில்லை. லேத்தும் ஃப்ரிட்ஜும் ஒரே நேரத்தில் மூச்சுப் பிடித்தால் வீடு முழுக்க ட்ரிப் ஆகிக் கரண்ட் போகும். விழுந்தால் கையால் தூக்கிவிட வேண்டிய ட்ரிப்பர் சுவிட்ச் இருந்தது வீட்டு நடையில், மகளும் மருமகனும் இருந்த அறைக்கு வெளியே. ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி வர அவருக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஒரு ஏற்பாடு. கரண்ட் போனால் அவர் லேத்தின் சுவிட்சை அணைக்க மாட்டார். அந்த நேரத்தில் உளியைத் தீட்டுவார், மரத்தைத் தடவிப் பார்ப்பார், உப்புத்தாளைச் சுற்றிக் கையாலேயே தேய்ப்பார். முடிந்ததும் சுவரில் சுத்தியலால் இரண்டு தட்டு. உள்ளே இருப்பவர் ட்ரிப்பரைத் தூக்கிவிட வேண்டும். தூக்கியதும் லேத் தானாகச் சுற்றும். கரண்ட் வந்துவிட்டது என்று அவருக்கு அப்படித்தான் தெரியும்.

தட்டும் வரை யாரும் தொடக் கூடாது. அந்த வீட்டில் சட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

ராத்திரி முழுக்கக் கம்ப்ரஸர் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அமைதியில் தூக்கம் வராது. குளிர்காலத்திலும் ஃபேன் ஓட வேண்டும். காற்றுக்காக இல்லை, சத்தத்துக்காக. ஃபேன் நின்றால் யாரோ உலுக்கிய மாதிரி எழுந்துவிடுவான். போன வாரம் ஒரே காலையில் நான்கு முறை நின்றது. ஷெட்டுக்கே போய்க் கேட்டுவிட்டான்.

"மாமா, நான் மனுஷனா இல்லையா?"

"யார் இல்லன்னா?"

"நாலு தடவை. நாலு தடவை எழுந்துட்டேன்."

"எழுந்தா எழுந்துட்டுப் போங்க. நான் தட்டினதுக்கு அப்புறம் தூக்கி விடுங்க மாப்பிள்ளை, அது போதும்." பிறகு, கோபத்தோடு வந்தவனை அனுப்ப மனமில்லாமல், "ஞாயித்துக்கிழமை தனி லைன் இழுத்துடறேன். ஃபியூஸ்கிட்ட சொல்லிட்டேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் ரம்பத்துக்குப் பல் மாற்றினார்.

இன்று காலை இரண்டு முறை ட்ரிப் ஆனது. முதல் முறை ஒன்பது மணிக்கு. மாமியார் முழங்கால் டாக்டரைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். கண்ணாடி முன்னால் இருட்டாகிவிட்ட கடுப்பில், தட்டுவதற்கு முன்பே ட்ரிப்பரைத் தூக்கிவிட்டார். ஷெட்டில் லேத் உறுமியது. "ஏய்!" என்று மாமனார் கத்தினார். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஃபேன் சுற்றத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் மாமனார் உள்ளே வந்தார். ஒருக்களித்திருந்த கதவு வழியாக அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர் கை தெரிந்தது. தண்ணீர் பிடித்துக் குடித்தார். "தட்டுறதுக்குள்ள போட்டுட்டுப் போறா பாரு," என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார். "கையை உள்ள வச்சிருந்தா என்ன ஆகும்?"

அவன் அதைக் கேட்டான். கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

இரண்டாம் முறை நின்றபோது கைபேசியில் மணி பார்த்தான். தட்டுவார் என்று காத்திருந்தான். ஒரு நிமிஷம் இருக்கும். இரண்டாகவும் இருக்கலாம். தட்டவில்லை. எழுந்து, ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு நடைக்குப் போய்த் தூக்கிவிட்டான். லேத் உறுமியது. ஏதோ விழுந்தது. அங்கே எப்போதும் ஏதாவது விழும். பிறகு மோட்டார் சீராக, ஒரே சுருதியில் ஓடியது. ஃபேனும் அதுவும் சேர்ந்து கிடங்கு மாதிரியே இருந்தது. பல நாட்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

ஒரு முறை தப்பித்தவர் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

*

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் இரண்டு நிமிஷம் பார்த்தார்கள். "போலீசுக்குச் சொல்லிடுங்க," என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார்கள். அவர்களில் மூத்தவன் ரம்பத்தைப் பார்த்து, "இதெல்லாம் இவரே செஞ்சதா?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் வெளியே போய் நின்றுகொண்டான்.

அவன் மனைவி மருந்துக்கடையிலிருந்து வெள்ளைக் கோட்டோடு வந்தாள். கோட்டுப் பையில் நான்கு பேனா. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, முடியில் ஒட்டியிருந்த மரச்சுருளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவர் அவளை நட்டு என்று கூப்பிடுவார். பிறந்தபோது கைமுஷ்டி சரியாக ஒரு அங்குல நட்டு அளவுக்கு இருந்ததாம். அளந்து பார்த்தேன் என்பார். நம்ப முடியாது, ஆனால் அவர் செய்திருப்பார்.

ஃபியூஸ் லேத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எதையாவது தொட்டுக்கொண்டே இருந்தார். கழன்ற பெல்ட்டை எடுத்தார், கீழே வைத்தார். மரத்தில் சுற்றியிருந்த கம்பளிக்கு அடியிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாள் எட்டிப் பார்த்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓடுற மெஷின்ல இவன் உப்புத்தாள் சுத்த மாட்டான்," என்றார். "முப்பது வருஷமா பார்க்கிறேன். நின்ன மெஷின்ல கையால தேய்ச்சிருக்கான். தம்பி, நீங்க வந்தப்போ சுவிட்ச் எப்படி இருந்துச்சு?"

"ஆன்ல."

"அப்போ கரண்ட் போய் வந்திருக்கு."

"தெருவுல போயிருக்கும்," என்றான் அவன். தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

"தெருவுல போகல. காலையிலேருந்து நான் வீட்ல ரேடியோ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், ஒரு தடவை நிக்கல." ஃபியூஸ் நிமிர்ந்தார். "வீட்டு ட்ரிப்பர் விழுந்திருக்கு. தட்டுறதுக்கு முன்னாடி யாரோ தூக்கி விட்டிருக்காங்க."

சொல்லிய பிறகுதான் யாரோ என்றால் யார் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நான்தான்," என்றார் மாமியார்.

பையைத் தோளிலிருந்து அப்போதுதான் இறக்கினார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அதிலிருந்து விழுந்தது.

"ஒம்பது மணிக்கு. தலை வாரிட்டு இருந்தேன். தூக்கி விட்டுட்டேன். ஏய்னு கத்தினார். கேட்டுச்சு." ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "திட்டுறார்னு நெனச்சேன். திரும்பிப் பார்க்காம கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன்."

"அண்ணி, விடுங்க…" என்றார் ஃபியூஸ்.

"கத்தினது கேட்டுச்சா?" அவன் மனைவி தலையைத் தூக்கவில்லை. மரச்சுருளை எடுப்பதையும் நிறுத்தவில்லை. "கேட்டும் போயிட்டியா?"

"தினம் கத்துவார்டி."

"எத்தனை தடவை சொல்லியிருக்கார்? தட்டற வரைக்கும் தொடாதீங்கன்னு எத்தனை தடவை? என்னை அஞ்சு வயசுல நிக்க வச்சு சத்தியம் வாங்கினார். அஞ்சு வயசுல எனக்குப் புரிஞ்சுது."

மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரம்ப மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஒரு வரி போதும். அவன் வாயைத் திறந்தான். "தண்ணி கொண்டு வரேன்," என்று சொல்லிவிட்டு நடைக்குப் போனான். ட்ரிப்பருக்கு நேர் கீழேதான் தண்ணீர் ஃபில்டர். டம்ளர் நிரம்பி வழிந்து காலில் ஊற்றுகிற வரை நின்றான்.

*

பிரேதப் பரிசோதனைக்கு டாக்டர் நான்கு மணிக்குத்தான் வருவார் என்றார்கள். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நீளமான நடைக்கூடம். இரண்டு பக்கமும் பெஞ்சு. மாமியார் ஒரு கோடியில், அவன் மனைவி இன்னொரு கோடியில். நடுவில் இருந்த பெஞ்சுகளில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் மூன்று டீ வாங்கி வந்தான். மனைவி ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்குக் கொடுத்தீங்களா?"

"இனிமேதான். நீ போய்க் கொடேன்."

"முடியாது." டீயை ஊதினாள், குடிக்கவில்லை. "மூஞ்சியைப் பார்த்தா கத்திடுவேன். இங்க கத்த வேண்டாம்னு பார்க்கிறேன்."

"தெரிஞ்சு பண்ணல…"

"தெரிஞ்சு பண்ணாங்கன்னு யார் சொன்னா? தலை வாருறதுக்கு லைட் வேணும். அவ்வளவுதான். அதுக்கு எங்கப்பா." உதட்டைக் கடித்தாள். "வேற யாராவதா இருந்தா இந்த ஜென்மத்துல அவங்க மூஞ்சில முழிக்க மாட்டேன். இது அம்மா. என்ன பண்றது, சொல்லுங்க? அம்மாவை எங்க கொண்டு போய் விடுறது?"

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தலையை அவன் தோளில் சாய்த்தாள். அவன் சட்டையிலும் மரத்தூள் இருந்தது.

"நீங்க ஒண்ணுமே கேட்கலையா? தூங்கிட்டா இருந்தீங்க?"

"ம்."

"பாவம், ராத்திரியும் வேலை." கண்ணை மூடிக்கொண்டாள். "நீங்க முழிச்சுட்டு இருந்திருந்தா போய்ப் பார்த்திருப்பீங்க."

கையிலிருந்த டீ ஆறும் வரை அவன் அசையவில்லை. பிறகு மருந்துக்கடைக்காரர் கூப்பிடுகிறார் என்று அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவன் எழுந்து கூடத்தின் மறுகோடிக்குப் போனான். அறுபது எழுபது அடிதான் இருக்கும். கிடங்கில் பனிக்கட்டித் தரையில் நடப்பது போல ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்தான்.

மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் புதுக் கட்டு.

"அத்தை, டீ."

"ஆறிப் போச்சா?"

"ஆமா."

"பரவாயில்ல, கொடுங்க."

வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அத்தை, நீங்க தூக்கி விட்டப்போ அவருக்கு ஒண்ணும் ஆகல."

மாமியார் ஆறுதல் சொல்கிறவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். காலையிலிருந்து அப்படி நிறையப் பேர் வந்துவிட்டார்கள்.

"நிஜமா சொல்றேன். நீங்க போனதுக்கு அப்புறம் உள்ள வந்தார். தண்ணி குடிச்சார்."

"பார்த்தீங்களா?"

"ஸ்வெட்டர் கை தெரிஞ்சுது. உங்களைத் திட்டினார்."

"என்னன்னு?"

"தட்டுறதுக்குள்ள போட்டுட்டுப் போறா பாருன்னு."

மாமியாரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரிதான் இருந்தது. ஆரஞ்சு உரித்தவள் திரும்பிப் பார்த்தாள். மாமியார் புடவைத் தலைப்பால் வாயை அழுத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தலைப்பை எடுத்தபோது முகம் சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அப்போ நான் இல்ல."

"நீங்க இல்ல."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாமியார் நிறுத்தவில்லை.

"அப்போ மறுபடி விழுந்திருக்கு."

"ஆமா."

"வீட்ல வேற யாரும் இல்ல."

"இல்ல."

கூடத்தின் கடைசியில் யாரோ வாளியை நகர்த்தினார்கள். மாமியார் அவன் வலது கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"தட்டினாரா?"

"இல்ல. காத்துட்டு இருந்தேன். தட்டல."

"அப்புறம்?"

"தூக்கி விட்டேன். போய்ப் படுத்துட்டேன்."

"சத்தம் கேட்கல?"

"ஏதோ விழுந்துச்சு. சாமான் விழுதுன்னு நெனச்சேன்."

"தூக்கம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"நான் வந்து எழுப்பற வரைக்கும்?"

"ஆமா."

மாமியார் தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டேன் என்கிற ஆட்டம், வேறு எதுவும் அதில் இல்லை. அடித்துவிடுவார் என்று அவன் நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. இப்ப வந்ததும் சொல்லிடப் போறேன். உங்களை இப்படி…"

"வேண்டாம்."

"அத்தை, அவ உங்ககிட்ட பேச மாட்டேங்கிறா."

"பேசுவா. ஒரு மாசம் ஆகும். ஆறு மாசம் ஆகும். எனக்குக் கால் வலிச்சா வந்துதான் ஆகணும்." காகிதக் கோப்பையை நசுக்கினார். "உங்ககிட்ட பேசலன்னா அது வேற. அவளை நான் பெத்தவ, எனக்குத் தெரியும்."

"நான் பண்ணதை நீங்க எதுக்கு…"

"உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க மாப்பிள்ளை." குரலை உயர்த்தவில்லை. மரியாதையும் குறையவில்லை. "உங்க மூஞ்சியைப் பார்க்க எனக்கு இப்ப முடியல. எப்ப முடியும்னும் தெரியல. ஆனா அவளுக்கு இன்னைக்கு ஒருத்தர் போயிட்டார். அது போதும்."

"எனக்கு முடியாது அத்தை. மனசுக்குள்ள வச்சுக்கிட்டு என்னால…"

"அவர் செத்தது தெரியாம தூங்க முடிஞ்சுதில்ல? இதுவும் முடியும்."

மாமியார் நசுக்கிய கோப்பையைப் போடக் குப்பைத்தொட்டி எங்கே என்று பார்த்தார். இல்லை. பைக்குள் போட்டுக்கொண்டார்.

*

போலீஸ்காரர் நான்கு மணிக்குச் சற்று முன்னால் வந்தார். நடுவயது. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இப்படிப்பட்ட இடங்களில் பேசிப் பழகியவரின் குரலில் பேசினார்.

"எல்லாம் ஃபார்மாலிட்டிதாம்மா. வீட்டு மெஷின், அவரே செஞ்சது. யார் மேலயும் கேஸ் கீஸ் எதுவும் இல்ல. நடந்ததை எழுதி வாங்கினா பாடியைச் சீக்கிரம் கொடுத்துடுவாங்க."

பாடி என்றதும் அவன் மனைவி நிமிர்ந்தாள். கூடத்தின் மறுகோடியிலிருந்து எழுந்து வந்தாள். அம்மா இருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததும் உட்காராமல் சுவரோடு நின்றாள். ஃபியூஸும் வந்து நின்றார். ஒரு காலில் இன்னும் செருப்பு இல்லை.

போலீஸ்காரர் அட்டையை முழங்காலில் வைத்துக்கொண்டார். "அந்த ட்ரிப்பரைத் தூக்கி விட்டது யாரு?"

"நான்," என்றார் மாமியார்.

"எத்தனை மணி இருக்கும்?"

"ஒம்பது."

"அப்புறம் வெளியில கிளம்பிட்டீங்க."

"ஆமா. முழங்காலுக்கு. பதினொன்னரைக்கு வந்து பார்த்தேன்."

அவன் மனைவி சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் எழுதினார். பேனா கரகரத்தது. எழுதி முடித்து ஒரு முறை தானே படித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி மருமகன் இல்ல? அந்த நேரத்துல வீட்ல நீங்கதான் இருந்தீங்க."

"ஆமா."

"தூங்கிட்டு இருந்திருக்கீங்க. நைட் டூட்டி."

அவன் மனைவி சுரண்டுவதை நிறுத்தினாள். ஃபியூஸ் அவனையே பார்த்தார். மாமியார் நீட்டியிருந்த காலை மெதுவாக மடக்கினார். கட்டு இறுகி வலித்திருக்க வேண்டும். முகத்தில் தெரியவில்லை.

"ஆமா," என்றான்.

"எழுந்துக்கவே இல்ல? சத்தம் கித்தம்?"

"இல்ல."

"பாவம், எப்படித் தெரியும்?" என்றார் போலீஸ்காரர். தாளைத் திருப்பி அட்டையோடு அவன் பக்கம் நீட்டினார். மாமியார் சொன்னது முழுக்க அதில் இருந்தது. அடியில் காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தார். "சாட்சின்னு இங்க ஒரு கையெழுத்து."

அவன் அட்டையை வாங்கிக்கொண்டான். சட்டைப்பையைத் தடவினான். பேனா இல்லை. எழுதி முடித்துத் தொப்பிக்குள் போட்ட பேனாவைப் போலீஸ்காரர் தேடிக்கொண்டிருந்தார். அவன் மனைவி வெள்ளைக் கோட்டிலிருந்து ஒன்றை உருவி, கை அவன் வரை எட்டாததால், அம்மாவிடம், முகத்தைப் பார்க்காமலேயே நீட்டினாள். காலையிலிருந்து அம்மாவுக்கு அவள் கொடுத்த முதல் பொருள் அது.

மாமியார் வாங்கினார். மூடியைக் கழற்றினார். பேனாவை அவன் விரல்களுக்கு நடுவில் வைத்தார். அவன் பெயரை எழுதி முடிக்கும் வரை மூடியைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.